அரிசியில் ஒரு விரல் தடம்

ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி அறையில் சுபஸ்ரீ நடத்தும் எழுத்து வகுப்புக்கு, பள்ளிக்கூடம் பார்க்காத பெரியவர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். பாலக்கரையிலிருந்து பஷீர் அகமது வந்தார், ஹாஸ்டலில் சமைக்கும் லின்சி வந்தாள். முதல் நாள் தாம்பாளத்தில் அரிசி பரப்பி, ஒவ்வொருவர் விரலையும் பிடித்து 'அ' எழுத வைப்பாள் சுபஸ்ரீ. அவள் வீட்டு வழக்கம் அது. எல்லாரையும் ஒன்றாகத்தான் பார்க்கிறேன் என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வீதி கூட்டும் காளியாயியின் முறை வந்தபோது அந்தப் பெருமை பல்லிளித்தது. சுபஸ்ரீயின் கை பாதி தூரம் போய் நின்றது. கண்ணிமைக்கும் நேரம்தான், ஆனால் காளியாயி பார்த்துவிட்டாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம் டீச்சர், குப்பை அள்ளுன கை. நான் சிலேட்டுலயே பாத்து எழுதிக்கிறேன்."

"சரி, உங்க இஷ்டம்," என்றாள் சுபஸ்ரீ. அப்போது உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அதைத்தான் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

மூன்றாம் மாதம் காய்ச்சலில் காளியாயி போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு மூடிவைத்த தாம்பாளத்தைத் திறக்கும்போதெல்லாம், சமமாகத் தட்டிவைத்த அரிசியில் ஒரு விரல் தடம். ஓரத்தில் வளைந்து தொடங்கி, பாதியில் நின்றிருக்கும்.

"எலியா இருக்கும்மா," என்றார் பஷீர் அகமது. எந்த எலி மூடியைத் திறந்து மறுபடி மூடி வைக்கும்? சுபஸ்ரீ பயந்தாள். ஆனாலும் தாம்பாளத்தை மாற்ற மனம் வரவில்லை.

புது வகுப்பு தொடங்கிய மாலை, முப்பது வயதிருக்கும் ஒருத்தி வந்து கதவோரம் உட்கார்ந்தாள்.

"மலர்க்கொடிங்க. காளியாயி மக."

சுபஸ்ரீக்கு, இந்த ஒரு கையைப் பிடித்துவிட்டால் போதும், எல்லாம் அடங்கிவிடும் என்று தோன்றியது. தாம்பாளத்தோடு போய் அவள் எதிரிலேயே உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். தடம் இருந்தது.

"கையக் குடுங்க."

மலர்க்கொடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அதே மாதிரி.

"வேணாங்க டீச்சர். எங்களத் தொட உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு அம்மா சொல்லுச்சு. அதான் வீட்டுலயே என் கையப் புடிச்சு எழுத வச்சிட்டுத்தான் போச்சு."

"அதெல்லாம் இல்லைங்க, குடுங்க," என்று சுபஸ்ரீ கையை நீட்டினாள்.

அதற்குள் மலர்க்கொடி குனிந்து, ஓரத்துத் தடம் நின்ற இடத்தில் விரலை வைத்தாள். அங்கிருந்தே இழுத்து 'அ'வை முடித்தாள். எழுத்து முழுதாக இருந்தது. நீட்டிய கையை எங்கே வைப்பது என்று சுபஸ்ரீக்குத் தெரியவில்லை.