சன்னலில் கட்டிய கேமரா

செல்போனைப் படுக்கையறைச் சன்னல் கம்பியில் ரப்பர் பேண்டால் இறுக்கி, வெளியே தொட்டியிலிருந்த செம்பருத்தி மொட்டுக்கு நேராக நிறுத்திய லிஃப்ட் மெக்கானிக், எந்தப் பக்கத்துக் கேமரா ஓடுகிறது என்பதை மட்டும் பார்க்கவில்லை. பேட்டரி தீராமலிருக்கத் திரையின் வெளிச்சத்தையும் அடியோடு குறைத்துவிட்டு, பெரிய மேதை மாதிரி வாயில் விசிலோடு குளிக்கப் போனான்.

மொட்டு மனைவி வளர்த்தது. வயிற்றில் இருந்த பிள்ளை தங்காமல் போனதிலிருந்து அவள் சரியாகப் பேசுவதில்லை. என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்ல." உடனே இவன் ஒரு ஜோக் அடிப்பான். அதற்கு இவன் மட்டும் சிரிப்பான். காலை முழுக்க விரியும் பூவை ஒரு நிமிடத்துக்குள் சுருக்கிக் காட்டினால் அவள் முகமும் கொஞ்சம் விரியாதா என்று ஒரு நப்பாசை.

மதியம் போனைக் கழற்றி வந்து, வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தான். பூவைக் காணோம். படுக்கையறை ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்துத் துணிகளை அடுக்கினாள். வாசலில் இவன் ஈ மாதிரிப் பறந்து வந்தான்; பெட்டி கட்டிலுக்கடியில் ஒளிந்தது. துண்டை எடுத்துக்கொண்டு பறந்தான். பெட்டி வெளியே வந்தது. துணிகளைத் திரும்பவும் அலமாரியில் வைத்தாள். மறுபடி பெட்டியில் வைத்தாள். இவன் சட்டைக்கு வந்தான், சீப்புக்கு வந்தான்; ஒவ்வொரு தடவையும் சன்னல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் பறந்தான். வெயில் சுவரில் ஊர்ந்தது. கடைசியில் அவள் பெட்டிமேல் உட்கார்ந்தாள். எல்லாம் பறந்த அந்த வேகத்திலும் அவள் மட்டும் இடம்விட்டு அசையவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தான், மடையன்.

கீழே போனான்.

"பூ நல்லா வந்துச்சா?"

"நீதான் வந்திருக்கே." போனை நீட்டினான்.

அவள் கடைசிவரை பார்த்தாள்.

"எடுத்து வெச்ச துணிய ஏம்மா திரும்பத் திரும்ப வெளிய எடுத்தே?"

"ஒண்ணுமி..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். இவனுக்கு நாக்கு நுனிவரை ஒரு ஜோக் வந்தது. விழுங்கினான்.

"ஒவ்வொரு தடவை நீங்க உள்ள வந்தப்பவும், பக்கத்துல கொஞ்சம் உக்காருவீங்கன்னு பாத்தேன். கூட உக்காந்து அழுதாப் போதும், இருந்துடலாம்னு நெனச்சேன். நீங்க பூ விரிஞ்சுதான்னு எட்டிப் பாத்துட்டுப் போனீங்க."

இவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். கண்ணிலிருந்து தானாகக் கொட்டியது.

"இப்ப உக்காந்துட்டேன். இருக்கியா?"

"இல்லீங்க," என்றாள். "சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன்."