படிவத்தின் ஐந்தாவது கட்டம்

"எழுதுடி."

"மாட்டேன்."

"பேனாவத் தொறந்து—"

"மாட்டேன்னா மாட்டேன்தான், நீ என்னா—"

"—வேலைக்காரின்னு எழுதுடி! முப்பது வருசம் தொரைக்குக் கொழுந்து கிள்ளுனவ வேலைக்காரி இல்லாம வேற யாரு, மகாராணியா?"

"அது தோட்டம்மா. இது என் வீடு!"

"ஒன் வீடா? கவுர்மெண்டு வீடு. [                    ] எழுது."

1

இந்தச் சண்டையிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. நான் அதைப் பார்க்கவில்லை, கேட்டேன். 1978, தானா ராத்தா என்ற தேயிலை மலை ஊர். அரசாங்கம் தன் சின்ன உத்தியோகத்தர்களுக்குக் கொடுத்திருந்த இரட்டைப் பலகை வீடு. ஒரு பாதியில் என் கணவரும் நானும். மறுபாதியில் ஜெயா, புதிதாக வேலைக்கு வந்த குமாஸ்தா. நடுவில் ஒரு விரற்கடைப் பலகை. அவள் முகம் இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை. குரல் அப்படியே இருக்கிறது. எனக்குக் கதைகள் இப்படித்தான் வருகின்றன. யாரோ முதலில் பேசிவிடுகிறார்கள், நான் பின்னாலேயே ஓடி அவர்களுக்கு ஒரு வீட்டையும் கொஞ்சம் மழையையும் தேடிக் கொடுக்கிறேன்.

(அந்த வெற்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். இப்போதைக்குக் கேட்காதீர்கள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மலையைப் போர்த்திய பனிமூட்டத்துக்குள் தேயிலைச் செடிகள்"

வேண்டாம். பனிமூட்டம் அழகென்று காரில் வருகிறவர்களுக்குத்தான் தோன்றும். ஜெயாவின் அம்மா அம்மாக்கண்ணு அதற்குள்ளேயே நின்றவள்.

இரண்டாவது தொடக்கம்: "ஜெயா, இருபத்திரண்டு வயது, ரிங்லெட் ஊருக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தின் வரிசை வீட்டிலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்குப் போன முதல் பெண்." பத்திரிகைச் செய்தி மாதிரி இருக்கிறது. இருந்தாலும் பொய்யில்லை, இருக்கட்டும்.

மாதம் முந்நூற்றுச் சில்லறை வெள்ளி. ஆனால் லயத்தில் யாரும் சம்பளத்தைப் பற்றிப் பேசவில்லை. சம்பளத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறவற்றைத்தான் பேசினார்கள்.

"காய்ச்சல்னு படுத்தாலும் சம்பளமாம்லா!"

"படுத்தாலுமா? அப்ப எந்திரிச்சு வேலைக்குப் போறவன் பைத்தியக்காரன்."

"வயசானா பென்சனாம். வீடும் குடுப்பாங்களாம், வேலையில இருக்குற மட்டும்."

"அத நம்ம தொரையே குடுத்திருக்காருல்ல!"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாக்கண்ணுவும் சிரித்திருப்பாள். பிறகு அவளுக்கு ஐம்பத்தைந்து முடிந்தது. கணவன் இல்லை. அந்த வீட்டிலிருந்து இனி வேலைக்கு இறங்க ஆளும் இல்லை. மாதக் கடைசிக்குள் லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

"அதுனால என்னா," என்றாள் ஜெயா. "நான் கூட்டிக்கிட்டுப் போறேன். தாய் தகப்பன வச்சுக்கலாம்னு ரூல்ஸ்லயே இருக்கு."

இருந்தது. அரசாங்கம் அந்த ஒரு விஷயத்தில் தாராளம்தான்.

3

இங்கே நான் ஜெயாவைச் சந்தேகப்பட்டேன். இவ்வளவு எளிது என்றால் அவளுக்குத் தயக்கம் எதற்கு? பேனாவை வைத்துவிட்டு அவளிடமே கேட்டேன். (எழுதும்போது அல்ல. அன்றே, அந்தச் சண்டைக்கு முன்பு, துணி துவைக்கும் கல்லருகே.)

"அம்மான்னு எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரேன்டி."

"எழுத முடியாது அக்கா. பொறப்புப் பத்திரத்துல எங்கம்மா பேரு மணியம்மா."

"யாரு அது?"

"எங்க பெரியம்மா."

ஜெயா பிறந்த வாரத்தில் அம்மாக்கண்ணுவின் அடையாள அட்டை மழையில் ஊறிக் கிழிந்து, புதிது வராமல் கிடந்தது. தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி கையை விரித்திருக்கிறார்: "கார்டு இல்லாம எப்புடி எழுதுறது?" கூடப் போன மணியம்மா மடியிலிருந்து தன் அட்டையை எடுத்து நீட்டியிருக்கிறாள். "இந்தாங்க, எழுதுங்க. பேருதானே, பொறவு மாத்திக்கலாம்." கிராணியும் எழுதிவிட்டார்.

அந்தப் 'பொறவு' இருபத்திரண்டு வருடங்களாக வரவில்லை. தேவையும் படவில்லை. லயத்தில் யார் யாருடைய பிள்ளை என்று காகிதத்தைப் பார்த்தா தெரிந்துகொள்வார்கள்? மணியம்மாவோ தன் மகன் வீட்டில், ஓர் அறைக்கு எட்டுப் பேராகக் கிடந்தாள். அம்மாக்கண்ணுவுக்கு அங்கே காலை நீட்டக்கூட இடமில்லை.

"போயி உண்மையச் சொல்லிப் பாரேன்."

"என்னான்னு சொல்றது? நான் குடுத்த பத்திரத்துல பொய்யி இருக்குன்னா? இன்னும் கன்பர்ம் ஆகல அக்கா. வேல போனா வீடு போச்சு. வீடு போனா அம்மாவ எங்க கொண்டு வைக்கிறது?"

அரசாங்க வீட்டில் யார் யார் தங்குவார்கள் என்று எழுதிக் கொடுக்கும் படிவத்தில் ஐந்து கட்டங்கள். கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், தாய், தந்தை, வேலைக்காரர். சித்தி, பெரியம்மா, அத்தை எதற்கும் இடமில்லை. பின்கட்டில் ஓர் அறை இருந்ததால் வேலைக்காரருக்கு இடமிருந்தது.

4

சரி. அந்த அடைப்புக்குறி.

முதல் பிரதியில் அந்த யோசனையை மணியம்மாவுக்குக் கொடுத்தேன். நன்றாகவே பேசினாள், ஆனால் அது அவள் குரலில்லை. இரண்டாவது பிரதியில் அம்மாக்கண்ணுவுக்கே தோன்றியதாக எழுதினேன். அது இன்னும் மோசம். எழுதிய கை கூசியது. உண்மையில் பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட வரி இது:

"பக்கத்து வூட்டு அக்கா படிச்சவங்க, அவங்களே சொல்றாங்கல்ல, கடைசிக் கட்டத்துல போடுன்னு."

நான்தான் சொன்னேன். துவைகல்லில் ஒரு சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டே, அரை நிமிடத்தில். "வேலைக்காரர்னு போட்டுரு ஜெயா. எல்லாரும் அப்பிடித்தான் போடுறாங்க." அப்படி யாரும் போட்டு நான் கேள்விப்பட்டதில்லை. அந்த 'எல்லாரும்' நான் இட்டுக்கட்டியது. அப்போதே எனக்கு அந்தப் பழக்கம் இருந்திருக்கிறது.

ஜெயா எழுதினாள். அம்மாக்கண்ணு லயத்துக்குத் திரும்பிப் போய், ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தாள்.

5

அதற்குப் பிறகு பலகை வழியாக வந்ததெல்லாம் ஒத்திகை.

"தொரசாணியம்மாளுக்குத் தேத்தண்ணி கொண்டாரட்டுமா?"

"ம்மா, சும்மா இரு."

"ம்மாவா? வேலைக்காரிய எவளாச்சும் அம்மான்னு கூப்புடுவாளா? பேரச் சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"யாராச்சும் வந்து நிக்கிறப்ப வாய் தவறும்டி. சொல்லிப் பழகு. அம்மாக்கண்ணு. எங்க, சொல்லு."

"அம்மா..."

"ம். மிச்சம்?"

"...கண்ணு."

கிழவி விழுந்து விழுந்து சிரித்தாள். ஜெயா சிரித்தாளா என்று காது வைத்துக் கேட்டேன். பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும்தான் வந்தது. அம்மாக்கண்ணு பாயைப் பின்னறைக்குக் கொண்டுபோய்விட்டாள். முன்னறையில் நாற்காலி இருந்தும் அதில் உட்கார மறுத்தாள்.

"யாரும் இல்லையேம்மா இப்ப."

"ஒடம்பு பழகணும்லா."

6

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில், ஜெயா மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்கிறாள். அவர் கண் கலங்கிப் பத்திரத்தைத் திருத்த உதவுகிறார். அந்த அதிகாரியை நான் தூக்கம் வரவேண்டும் என்பதற்காகச் செய்தேன். கிழித்துவிட்டேன்.

இரண்டாவதில், மணியம்மா மலையேறி வந்து, நான்தான் பெற்றவள் என்று சொல்லி முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து... நாடகம். அவளுக்குப் பஸ்சுக்கு யார் காசு கொடுத்தார்கள்?

மூன்றாவது: "விடிகாலையில் மலையிறங்கும் தாப்பா பஸ்ஸில் ஏறிய அம்மாக்கண்ணு" எங்கே போவாள்? போக இடமிருந்தால் இந்தக் கதையே இல்லையே.

ஆகவே நான் கேட்டதைக் கேட்டபடி தருகிறேன். குடியிருப்புகளைச் சரிபார்க்கும் ஜலால் ஒரு சனிக்கிழமை வந்தார். ரிங்லெட்டில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துக்காரர், ஜெயாவைப்போலவே வேலைக்குப் புதிது. நல்ல மனிதர். அதுதான் சிக்கலே. அவர் கடைசியாக ஒன்று கேட்டார். அதற்கு என்ன பதில் வரப்போகிறதோ என்று பயந்து நான் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். வாளி நிரம்பி வழிந்தும் மூடவில்லை. அதனால் பதில் என்னிடம் இல்லை. பிறகு அந்த வீட்டில் நடந்தது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கு ஏற்றபடி நீங்கள் பதிலை வெட்டிக்கொள்வீர்கள். ஜெயாவுக்கு அந்த வசதி இருக்கவில்லை. நீங்களும் அவள் நின்ற இடத்தில் நின்று, வாய்க்கு வந்ததைச் சொல்லுங்கள்.

7

"வாங்க சார், உள்ள வாங்க."

"பைப்பு ஒழுகுதுன்னு எழுதியிருந்தீங்க."

"பின்னால சார்."

"அப்பிடியே ஆளுங்களையும் பாத்துட்டுப் போயிர்றேன்." காகிதம் புரளும் சத்தம். "அம்மாக்கண்ணு, வேலைக்காரர். இவங்கதானா?"

"நாந்தாங்க."

"ஏம்மா நிக்கிறீங்க, உக்காருங்க."

"ஐயய்யோ, வேணாங்க. தேத்தண்ணி எடுத்துக்குங்க."

"ம்... எங்க அத்தா கடையிலகூட இப்பிடி ஒரு தேத்தண்ணி கெடையாதும்மா. சமையலும் நீங்கதானா?"

"சமையலு, துணி, கூட்டுறது, எல்லாம் நாந்தாங்க. அஞ்சு மணிக்கெல்லாம் எந்திரிச்சிருவேன். தொரசாணியம்மா ஒரு வேலை செய்யக் கூடாது, நான் விட மாட்டேன்."

"குடுத்து வச்சவங்க ஜெயா நீங்க."

ஜெயாவின் நாற்காலி நகரும் சத்தம்.

"வீட்டுல லத்தீஃபாவுக்குக் கொழந்த பொறந்து பத்து நாளாச்சு. நாங்களும் இந்த மாதிரி ஒரு ஆளத்தான் தேடிக்கிட்டு இருக்கோம். நமக்கு வர்ற சம்பளத்துல என்னா குடுக்கிறதுன்னுதான் தெரியல. ஒங்களக் கேட்டாத் தெரியும்லா. ஜெயா, இவங்களுக்கு மாசம் எவ்வளவு குடுக்கிறீங்க?"