மீட்டர்காரர் சக்கரத்தை நிறுத்திய ஞாயிறு

தன் வாழ்க்கையில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்பது மீட்டர்காரரின் கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான் உறுப்பினர்.

முப்பத்து மூன்று வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தவர். இப்போது ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் குடும்பம் கூடும்போது, தான் பார்த்த மீட்டர்களைப் பற்றிச் சொல்வார். ஒரு வீட்டுக்காரர் விட்ட குறட்டையில் மேலே சும்மா நின்றிருந்த மின்விசிறி தலைகீழாகச் சுற்றி, அந்த வேகத்தில் மீட்டர் சக்கரமும் பின்பக்கம் ஓடி, விடிவதற்குள் எட்டு யூனிட்டை அவர் ஊருக்கே திருப்பிக் கொடுத்திருந்தார் என்பது ஒன்று. மீட்டர் பெட்டிக்குள் கூடு கட்டிய மைனா இவரைக் கண்டதும் எண்ணைக் கூவிச் சொல்லிவிடும், ஆறு வருடம் அந்தப் பெட்டியைத் தான் திறந்ததே இல்லை என்பது இன்னொன்று. மைனா ஒரே ஒரு மாதம்தான் தப்பாகச் சொன்னதாம். குஞ்சு பொரித்த மாதம், பாவம், தூக்கம் கெட்டிருந்ததாம்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். ஒரு வார்டு முழுக்கப் புலம்புவதைக் கேட்டுப் பழகியவர் என்பதால் இதையும் கேட்டுக்கொண்டே பரிமாறுவார். மனைவியின் தம்பிக்குத்தான் பொறுக்காது. அவர் டி.வி. மெக்கானிக். சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாமல் கல்யாண வீட்டுக்குக்கூடப் போகாதவர். அளந்து பார்க்க முடியாத எதையும் நம்ப மாட்டார். அவருடைய மனைவி பள்ளிக்கூட டீச்சர். அவர் எல்லாவற்றையும் நம்புகிற மாதிரி கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சிரிப்பவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மேஜையில் மீட்டர்காரர் வாய் தவறி ஒரு நிஜத்தைச் சொல்லிவிட்டார். அதைத்தான் ஒருவரும் நம்பவில்லை.

அணைத்து வைத்த டி.வி. தூங்குவதில்லை, தூங்குகிற மாதிரி பாசாங்கு செய்கிறது என்றார். ரிமோட்டில் யாராவது கூப்பிடுவார்களா என்று சிவப்புக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறது. இந்த வீட்டில் அப்படிப் பதினோரு பேர். டி.வி. இரண்டு, அவற்றின் கேபிள் பெட்டி இரண்டு, ஆம்ப்ளிஃபையர், பாட்டுப் பெட்டி, மோடம், கம்ப்யூட்டர், அதன் திரை, பிரின்டர், அப்புறம் அடுக்களையில் மைக்ரோவேவ் அவன். முந்தின நாள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஃபிரிட்ஜின் மோட்டார் ஓயும்வரை காத்திருந்து, வாசல் மீட்டரின் சக்கரத்தைக் கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தாராம். நூறு விநாடிக்கு ஒரு சுற்று. அதாவது அறுபது வாட். ஆளில்லாத அறையில் ராப்பகலாக ஒரு குண்டு பல்பு எரிகிற மாதிரி. மாதம் நாற்பத்து மூன்று யூனிட்.

மெக்கானிக்குக் கோபம் வந்தது. அந்தப் பதினோரு சாமான்களில் ஒன்பது அவர் பழுது பார்த்து அக்காவுக்குக் கொண்டுவந்து கொடுத்தவை. அந்தச் சிவப்பு விளக்கு தின்பது எறும்பு மூச்சு விடுகிற அளவு கரண்ட் என்றார். மீட்டர்காரர் அப்படிப்பட்ட எறும்பு ஒன்றையும் தனக்குத் தெரியும் என்று ஆரம்பித்தார். மெக்கானிக் கையைக் கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"மாமா, பேச்சை விடுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை அந்தச் சக்கரத்தைப் பத்து நிமிஷம் அசையாம நிறுத்திக் காட்டுங்க. மெயின் சுவிட்சைத் தொடக் கூடாது, ஒரு பிளக்கையும் பிடுங்கக் கூடாது, ஃபிரிட்ஜை அணைக்கக் கூடாது. நின்னுடுச்சுன்னா, நீங்க இதுவரைக்கும் சொன்னது, இனிமே சொல்லப்போறது அத்தனையும் நெஜம்னு நான் ஒத்துக்கிறேன்."

"நிக்கலைன்னா?"

"நிக்கலைன்னா இந்த மேஜையில நீங்க கதை சொல்லவே கூடாது. சாப்பாடு மட்டும்தான்."

மற்றவர்களுக்கு அது விளையாட்டு. மீட்டர்காரருக்கு அது நாக்கை அறுத்து வைக்கிற சமாச்சாரம். சரி என்றார்.

அந்த வீட்டில் பிளக் பாயின்டுகள் எல்லாம் அலமாரிக்குப் பின்னால், தரையோடு தரையாக இருந்தன. குனிந்து ஒவ்வொன்றாக அணைக்கலாம் என்றால், அவருடைய இரண்டு முழங்காலும் ஊரில் உள்ள மாடிப்படிகளுக்கே போய்ச் சேர்ந்துவிட்டன. எனவே திங்கட்கிழமை காலையில் எலெக்ட்ரிகல் கடைக்குப் போய் ரிமோட் சாக்கெட் கேட்டார். உள்ளங்கை அளவுப் பெட்டி. அதைச் சுவர்ப் பிளக்கில் செருகி, டி.வி.யை அதில் செருக வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து ரிமோட்டை அழுத்தினால் உள்ளே டக் என்று இணைப்பு அறுந்துவிடும். கடைக்காரர் இரண்டு போதுமே என்றார். மீட்டர்காரர் பதினொன்று வாங்கினார்.

அதுதான் அவர் தொழில் புத்தி. ஒரு இணைப்புக்கு ஒரு மீட்டர், ஒரு மீட்டருக்கு ஒரு எண் என்று முப்பத்து மூன்று வருடம் வாழ்ந்தவரால் இரண்டு சாமானை ஒரே இடத்தில் சேர்த்து வைத்துப் பார்க்க முடியாது, கண் உறுத்தும். பதினோரு சாக்கெட்டிலும் காகிதம் ஒட்டி எண் எழுதினார். பட்டன்கள் மூன்று ரிமோட்டில் பரவியிருந்தன. மூன்றையும் கழுத்தில் கயிறு கட்டி மாட்டிக்கொண்டார். ஒன்று முதல் பதினொன்று வரை வரிசையாக அழுத்துவார். நடுவில் யாராவது கூப்பிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து.

சனிக்கிழமை பகல், மனைவி வேலைக்குப் போனபின் ஒத்திகை பார்த்தார். பதினோரு டக். வீட்டில் ஒரு சிவப்புக் கண் இல்லை. ஃபிரிட்ஜும் ஓய்ந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலுக்குப் போய் மீட்டர் கண்ணாடியில் பார்த்தார்.

சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. முன்னைப்போல அவசரமாக இல்லை. சாப்பிட்டுவிட்டுக் காலாற நடக்கிறவர் மாதிரி, ஆறு நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஆனால் ஓடியது.

நாற்காலியைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். வீட்டில் ஒவ்வொரு சுவராகக் காதை வைத்துக் கேட்டார். ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு, தோற்றால் எப்படி இருக்கும் என்று பழகிப் பார்க்க நினைத்தார். வேலை முடிந்து வந்த மனைவியோடு சாப்பிட உட்கார்ந்தபோது வாயே திறக்கவில்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார், தண்ணீர் குடித்தார், எழுந்தார். மனைவி ஒன்றும் கேட்காமல் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து அவர் வாயில் வைத்தார். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும்தான் அந்த அம்மாளுக்கு நிஜமாகவே கவலை வந்தது.

ஞாயிறு காலையில் மனைவி கையில் காப்பியோடு அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். எண் ஒட்டிய சாக்கெட்டுகள் வரிசையாக இருந்தன. இவையெல்லாம் என்ன செய்கின்றன என்று விசாரித்தார். டி.வி. தூங்கிவிட்டது, மறுபடி எழுப்ப ரிமோட் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே, அதற்காகக் காத்திருக்கின்றன என்று மீட்டர்காரர் சோர்வாகச் சொன்னார்.

"ஏங்க, அப்ப இதுங்களும் முழிச்சிட்டுதானே இருக்கு?" என்றார் மனைவி. "பதினோரு பேஷன்ட் தூங்க, தலைமாட்டுல பதினோரு நர்ஸா? என் வார்டுல இப்படி டியூட்டி போட்டா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வார்டுக்கு ஒருத்தி போதாதா?"

தானும் இப்போதுதான் அதைச் சொல்ல வாயெடுத்ததாக மீட்டர்காரர் சொன்னார். மனைவி காப்பியைக் குடித்தார்.

பதினோரு மணிக்குள் வேலை முடிந்தது. ஆறு பிளக் வாங்குகிற நீளமான எக்ஸ்டென்ஷன் பெட்டிகள் இரண்டு பரணில் கிடந்தன. கூடத்துச் சாமான்கள் ஐந்தும் ஒன்றில், பக்கத்து அறைச் சாமான்கள் ஐந்தும் மற்றதில். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரே ஒரு ரிமோட் சாக்கெட். மைக்ரோவேவுக்குக் கை எட்டும் உயரத்திலேயே சுவிட்ச் இருந்ததால் அதற்கு நர்ஸே தேவைப்படவில்லை. மீதி ஒன்பது சாக்கெட்டுக்கும் எண்ணைக் கிழித்து ஓய்வு கொடுத்தார். இரண்டு சாக்கெட் சேர்ந்தால் மூன்று வாட் தின்னும். அந்த மூன்று வாட் மீட்டர்காரருக்குப் புன்னகையை வரவழைத்தது. ஏனென்றால் பழைய மீட்டர் சக்கரம் ஒரு பெரிய மனுஷன். பத்து வாட்டுக்குக் குறைவாக யார் கூப்பிட்டாலும் இடத்தைவிட்டு எழுந்திருக்காது. இது அவருக்கு மட்டும் தெரியும்.

நண்பகலில் மெக்கானிக்கும் டீச்சரும் வந்தார்கள். மெக்கானிக் சாப்பிட உட்காரவில்லை. நேரே வாசலுக்குப் போய், பையிலிருந்து ஓர் இரும்பு ஆணியை எடுத்து மீட்டரைச் சுற்றித் தடவினார். காந்தம் வைத்துச் சக்கரத்தை நிறுத்துகிறவர்கள் உண்டு.

"தடவுங்க மாப்ள, நல்லாத் தடவுங்க," என்றார் மீட்டர்காரர். "காந்தம் வச்சவங்களை நான் நூறு பேரைப் பிடிச்சிருக்கேன். நான் பிடிபட்டதில்லை."

ஆணி எங்கும் ஒட்டவில்லை. ஃபிரிட்ஜ் ஓயட்டும் என்று நால்வரும் காத்திருந்தார்கள். அது ஒருதரம் உடம்பை உலுக்கிக்கொண்டு அடங்கியது. மனைவி மைக்ரோவேவ் சுவிட்சை அணைத்தார். மீட்டர்காரர் ரிமோட்டில் இரண்டே பட்டன்களை அழுத்தினார். டக். டக்.

சக்கரம் தளர்ந்தது. அதன் விளிம்பில் இருந்த கறுப்புக் குறி கண்ணாடியின் இடது ஓரத்தில் எட்டிப் பார்த்தது, ஊர்ந்தது, நடுவை நெருங்கியது. அங்கே வந்ததும் என்னவோ யோசித்த மாதிரி நின்றது. மெக்கானிக் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தார். அவர் மூச்சில் கண்ணாடி மங்கியது. கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். குறி அங்கேயே இருந்தது.

டீச்சர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை அறையில் நிற்கிற முகத்தோடு நிமிடம் சொன்னார். நாலு. ஐந்து. ஆறு. எட்டாவது நிமிடத்தில், மோடம் அணைந்ததாலோ என்னவோ, மீட்டர்காரர் வீட்டு இன்டர்நெட்டை இத்தனை நாள் ஓசியில் பிடித்துக்கொண்டிருந்த மாடி வீட்டு பேங்க்காரர் படபடவென்று இறங்கி வந்து, காலிங் பெல்லை நோக்கி விரலை நீட்டினார். பெல் அடித்தால் சக்கரம் அசையும். டீச்சர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே இன்னொரு கையால் பேங்க்காரரின் மணிக்கட்டைப் பிடித்தார். அவரும் கையை உயர்த்தியபடியே சாட்சியாக நின்றார்.

"பத்து," என்றார் டீச்சர்.

மெக்கானிக் தன் கடிகாரத்திலும் பார்த்துக்கொண்டார். பதினொன்றாவது நிமிடம் உள்ளே ஃபிரிட்ஜ் உறுமி எழுந்தது. சக்கரம் அடி வாங்கினவன் மாதிரி துள்ளி ஓடியது. மீட்டர் பழுதில்லை என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை.

"ஜெயிச்சிட்டீங்க, மாமா," என்றார் மெக்கானிக்.

மீட்டர்காரர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, ஊர்வலத்தில் வருகிறவர் மாதிரி கூடத்தைக் கடந்து மேஜைக்குப் போனார். தன் நாற்காலியை இன்னும் நாலு அங்குலம் நடுவுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மனைவி முதலில் அவருக்குத்தான் பரிமாறினார். பேங்க்காரரும் போகாமல் உட்கார்ந்துவிட்டார். நாலு வாய் சாப்பிடும்வரை எல்லோரையும் காக்க வைத்துவிட்டு, மீட்டர்காரர் தொண்டையைச் செருமினார்.

ஒரு வீட்டில் மீட்டர் சக்கரம் அவ்வளவு வேகமாக ஓடும் என்றார். அந்த வீட்டு ஆட்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்கள். தான் எண் குறிக்கப் போகும்போது பென்சிலை மட்டும் ஓரமாக நீட்டுவது வழக்கம், சீவிக் கொடுத்துவிடும். அதனால் பதினேழு வருடம் ஷார்ப்னர் வாங்கியதே இல்லை.

டீச்சர் புருஷன் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, நெஜமா?"

மெக்கானிக் வாயில் இருந்ததை வெகுநேரம் மென்றார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பேங்க்காரர் கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டார்.

"நெஜம்தான்."

"பென்சில் சீவுமா?"

"சீவும்," என்றார் மெக்கானிக், கழுத்தில் கயிறு விழுந்தவர் குரலில். பிறகு, தொழில் தெரிந்தவருக்கு அதோடு விட மனம் வரவில்லை. "ஆனா சக்கரம் அலுமினியம். நுனி கொஞ்சம் மொண்ணையாத்தான் வரும்."

"அதான் என் கையெழுத்து அப்ப தடிச்சு இருக்கும்," என்றார் மீட்டர்காரர் அடக்கமாக. பிறகு தட்டை இன்னொரு தரம் மனைவி பக்கம் நீட்டிவிட்டு, அந்த வீட்டில் மொத்தம் எத்தனை கத்தி என்று சொல்ல ஆரம்பித்தார்.