நரி சொன்ன காரணம்

ஈரத் துணியைப் பிழிந்து தன் மார்பில் போடப் போன மனைவி ஜோதியம்மாளின் கையை அப்பாதுரை பிடித்துக்கொண்டார்.

“ஜோதி, நரிக்கதையில மிச்சத்தச் சொல்லிடட்டா?”

வீட்டுக்கே கூட்டிப்போங்கள் என்று டாக்டர் கைவிரித்து மூன்று நாள். வெளியே அக்கினி நட்சத்திரம். அந்தக் கதையை மழையிலும் பனியிலும்தான் சொல்லலாம். வெயில் காலத்தில் வாயே திறக்கக் கூடாது. கதைக்குச் சொந்தக்காரர்களின் கட்டுப்பாடு அது.

எழுபத்து மூன்றாம் வருஷ ஐப்பசியில், அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவர் அப்பாதுரை ஓட்டிய ஜட்கா வண்டியில் தினமும் கிரிவலம் போனார். அந்த நாட்டு வின்டு என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். முகத்தைப் பார்த்துவிட்டு ஊரார் நேபாளத்துக்காரர் என்றே சாதித்தார்கள். அரைகுறைத் தமிழில் அவர் கொடுத்துவிட்டுப் போனதுதான் அந்தத் தில்லுமுல்லு நரியின் கதையும் அதன் கட்டுப்பாடும்.

பதினோரு வருஷ மழைக்கும் அப்பாதுரை சொல்லும் கதை ஒரே இடத்தில் நின்றுவிடும். அண்ணன் தம்பி இருவர் வானத்துக்குக் கல்படி கட்டுகிறார்கள். உச்சியில் இரண்டு ஊற்று. ஒன்றில் குடித்து மற்றதில் குளித்தால் கிழவன் குமரனாவான், சாவே கிடையாது. நரி வந்து ஏதோ சொல்ல, கட்டிய படியை அவர்களே இடித்துவிடுகிறார்கள்.

“அப்படி இன்னா சொல்லிச்சு?” என்று துடிப்பாள் ஜோதி.

“அடுத்த மழைக்கு” என்று பீடி பற்றவைப்பார். அவள் முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்வாள். எவ்வளவு சுகமான கோபம் அது!

“இப்ப வேணாங்க. மழை வரட்டும்.”

“எனக்கு மழை ஏது?”

“வரும். இப்ப சொன்னா காதப் பொத்திக்குவேன்.”

பொத்தியும் கொண்டாள். கதை பாக்கியிருக்கிற மனுஷன் எப்படிப் போவான் என்ற நப்பாசை. அப்பாதுரை சிரித்தார். பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

தெருப் பெண்கள் தோளில் தோள் சாய்த்து வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ஜோதிக்குச் சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கேட்டிருக்கலாமே என்பது மட்டும் நெஞ்சை அறுத்தது.

காலையில் கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த மகள் தனம், அப்பாவின் காலடியில் விழுந்து அழுதாள். ஜோதி அவளை எழுப்பி உட்காரவைத்தாள்.

“நரி இன்னா சொல்லிச்சுன்னு உன்கிட்டயாவது சொன்னாராடி?”

தனம் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “மொத வருஷமே சொல்லிட்டாரும்மா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு.”

“சொல்லுடி.”

“வெயில்ல சொல்லக் கூடாதேம்மா.”

“இனிமே யாருக்கு இன்னா ஆவப்போவுது? சொல்லு.”

“சாவே இல்லன்னா கண்ணாலம் இல்ல, புள்ள பொறப்பு இல்ல. ஒருத்தருக்காக ஒருத்தர் அழவும் மாட்டாங்க. அப்புறம் மனுசனா இருந்து இன்னா பிரயோஜனம்னு கேட்டுச்சாம்.”

ஜோதி புருஷனின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“பாழாப்போன நரி” என்றாள்.

பிறகு எழுந்து ஒப்பாரி வட்டத்துக்குப் போனாள். பக்கத்து வீட்டு சரசு நகர்ந்து இடம் விட, உட்கார்ந்து அவள் தோளில் கை போட்டாள்.