தடி உயர்ந்த பிறகும் நிற்காத தாளம்

இருபத்திரண்டு வருஷம் சர்க்கார் பஸ்ஸில் கண்டக்டராக ஊர் சுற்றிய வைஜநாத்துக்கு, நடப்பவர்கள் என்றாலே ஓர் இளக்காரம். நடக்கிறவன் எல்லாம் வண்டியைத் தவறவிட்டவன் என்பது அவன் சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்துக்கு முதல் எதிரி வீட்டுக்குள்ளேயே இருந்தாள். அவன் மனைவி கேசர் பதினான்கு வருஷமாக, மழை பிடிக்கிற மாதத்தில், தலையில் ஒரு சின்னத் துளசி மாடத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் வரை ஞானேஸ்வரரின் பாதுகைப் பல்லக்கோடு நடந்து போவாள்.

"எங்க டிப்போலேருந்து நேரா பஸ் இருக்கு. எனக்கு பாஸும் இருக்கு. பதினெட்டு நாள் நடந்து அப்படி என்னத்தை அள்ளிட்டு வர்ற?" என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பான்.

"கால்வலி" என்பாள் கேசர்.

இந்த வருஷம் புறப்பாட்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது எருமை விட்ட உதையில் அவள் கணுக்கால் எலும்பு முறிந்தது. முழங்கால் வரை மாவுக்கட்டு. காலுக்காக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பதினான்கு வருஷம் அறாமல் வந்த நடை பதினைந்தில் அறுந்துபோகிறதே என்றுதான் அழுதாள். வீட்டிலிருந்து யாராவது ஒருவர் முழுசாக நடந்து முடித்தால் நடை அறுந்ததாகக் கணக்கில்லை. ஆனால் அந்த வீட்டில் மிச்சமிருந்தது வைஜநாத்தும் எருமையும்தான்.

பெண்டாட்டி அழுதால் பார்த்துக்கொண்டிருக்க முடியாத பலவீனம் அவனுக்கு உண்டு. வாய் தவறி, "சரி, நான் போறேன்" என்றுவிட்டான். கிழித்த டிக்கெட்டைத் திரும்ப ஒட்ட முடியுமா?

அவள் நடக்கிற பஜனை கோஷ்டிக்குத் தலைவர் அவளுடைய சொந்த அண்ணன் கிசன்ராவ். தோளில் வீணை, நெற்றியில் சந்தனம், முகத்தில் எப்போதும் ஒரு விசாரணை. கோஷ்டிக்கு வயது நூற்றுப் பதினொன்று. அத்தனை வருஷமும் தானே தலைவராக இருந்த மாதிரி நடந்துகொள்வார்.

"மாப்பிள்ளை, முதல்லயே சொல்லிடுறேன்" என்றார் ஆளந்தியில். "கேசர் பாத்த வேலை எல்லாம் நீங்க பாக்கணும். உங்களால கோஷ்டிக்கு ஒரு அவப்பேர் வந்துச்சு, அடுத்த பஸ்ல ஏத்தி விட்டுருவேன். என் தங்கச்சி நடை அறுந்தாலும் பரவாயில்ல."

"பஸ்ல ஏத்துறது தண்டனைன்னு இன்னிக்குத்தான் மச்சான் கேள்விப்படுறேன்."

கிசன்ராவ் சிரிக்கவில்லை. சிரிப்பையும் வீணையையும் ஒரே நேரத்தில் தாங்க அவருக்குத் தோள் போதாது.

துளசி மாடத்தை முதல் நாளே சோனாபாய் பிடுங்கிக்கொண்டாள். கேசரின் பதினான்கு வருஷத் தோழி. "உங்க தலையில அது பந்தல்ல தொங்குற பூசணிக்கா மாதிரி இருக்கு மாவுலி. பாத்துப் பாத்துச் சிரிச்சு எனக்குப் பாட்டு வரமாட்டேங்குது" என்றாள். மாவுலி என்றால் அம்மா. அந்த நடையில் எல்லாரும் எல்லாருக்கும் மாவுலி. கலெக்டரும் மாவுலி, காலில் முள் குத்தினவனும் மாவுலி. எதிர்ப்பட்டவர் காலை இவர் தொட, இவர் காலை அவர் தொட, இரண்டு தலையும் முட்டிக்கொள்வது தினசரி நடக்கும்.

கைத்தாளமாவது தட்டலாமே என்றால் அதற்கும் கிசன்ராவ் விடவில்லை. "நீங்க தட்டுனா வண்டி கிளம்ப டபுள் விசில் கொடுக்குற மாதிரி இருக்கு மாப்பிள்ளை."

கடைசியில் கேசரின் வேலைகளில் மிஞ்சியது தண்ணீர் தூக்குவதுதான். அதில்தான் அவன் விழித்துக்கொண்டான். தண்ணீர் லாரி, பல்லக்கை ஏற்றி வரும் ரதத்துக்கு முன்னால் போகும் கோஷ்டிகளுக்கெல்லாம் ஊற்றிவிட்டு, பின்னால் கடைசியில் வருகிற இவர்களிடம் வந்து சேர விடிந்துவிடும். விடிந்தபின் அறுபது பெண்கள் குளிக்க மறைவு ஏது? அதனால் தினமும் மூன்று மணிக்கே எழுந்து, அக்கம்பக்கத்தில் வாய்க்காலோ கிணறோ தேடி, சில நாள் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து, குளித்துவிட்டு வந்து, பிறகு எல்லாரோடும் சேர்ந்து இருபது கிலோமீட்டர் நடந்தார்கள். வைஜநாத் குடத்தைத் தூக்கிக்கொண்டு கூடப் போய், வாய்க்காலுக்கு முதுகு காட்டி, டார்ச்சைப் பிடித்தபடி காவல் நின்றான். ஆறாம் நாள் சோனாபாய் சேற்றில் வழுக்கி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். எழுந்து, "தரையும் மாவுலிதானே, கும்பிட்டுக்கிட்டேன்" என்றாள்.

அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேசருக்குப் போன் போட்டான்.

"பதினாலு வருஷமா இப்படித்தானா? ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா போகாதேம்பீங்க."

"போகாதேன்னுதான் சொல்லியிருப்பேன். இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்குப் போகணும்?"

எதிர்முனையில் எருமை கத்தியது, அதை அதட்டிவிட்டுக் கேசர் சொன்னாள்: "முதல் வருஷம் திவே மலை ஏறி இறங்குனதும் பந்தோபஸ்துக்கு நின்ன இன்ஸ்பெக்டர் ஒருத்தர், தொப்பியைக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு என் கால்ல விழுந்தாரு. மாவுலி, நடந்து களைச்சுட்டீங்களா, தண்ணி குடிங்கன்னாரு. என்னையப் போயி. நம்ம வீட்டுல என் பேரு 'ஏய்'தானே."

 மறுநாள் அவள் போன் எடுத்ததும் "கேசர்" என்றான் வைஜநாத்.

"யாரு பேசுறது?" என்றாள் அவள்.

கிசன்ராவிடம் லாரி விஷயத்தை எடுத்துப் பார்த்தான். "மச்சான், குறையச் சொல்லத்தான் ஒரு வழி இருக்காமே. சாயங்காலம் தாளம் தட்டுனா வந்து கேப்பாங்களாமே."

வழி இருக்கிறது. சாயங்காலம் தங்குமிடத்தில் அத்தனை கோஷ்டிகளும் பல்லக்கைச் சுற்றி வட்டமாக நின்று பாடுவார்கள். கட்டியக்காரர் வெள்ளித் தடியை உயர்த்தியதும் ஆயிரக்கணக்கான தாளங்கள் ஒரே நொடியில் நிற்கும். குறை இருக்கிற கோஷ்டி மட்டும் நிறுத்தாமல் தட்டும். கட்டியக்காரர் அங்கேயே வந்து கேட்டு, அங்கேயே தீர்த்துவைப்பார். அதற்கப்புறம்தான் ஆரத்தி.

"நூத்திப் பதினோரு வருஷத்துல நம்ம கோஷ்டி ஒரு நாள் குறைன்னு தட்டுனதில்ல" என்றார் கிசன்ராவ். "மத்தவங்க தட்டுவாங்க. நாம தட்ட மாட்டோம். அதுதான் நமக்கு மரியாதை."

"மரியாதை நமக்கு, வாய்க்கால் அவங்களுக்கா?"

"பஸ் ஸ்டாண்டு அரை கிலோமீட்டர்தான் மாப்பிள்ளை."

இன்னும் பாதி தூரம் பாக்கி. கேசரின் பதினைந்தாம் வருஷம் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. வைஜநாத் வாயை மூடிக்கொண்டான். அவன் வாழ்க்கையில் அது இரண்டாவது தடவை. முதல் தடவை கல்யாணத்தன்று.

அப்படியே வாயை மூடியபடி போய்ச் சேர்ந்திருப்பான், வேளாபூர் என்று ஓர் ஊர் இல்லாதிருந்தால்.

அன்று காலையிலேயே மைதானத்தில் குதிரை ஓட்டம். லட்சம் பேர் வட்டமாக நிற்க, மேலே ஆள் இல்லாத ஒரு குதிரை நடுவில் பாய்ந்து ஓடியது. அதன் மேல் சாட்சாத் ஞானேஸ்வரரே உட்கார்ந்திருப்பதாக நம்பிக்கை. நம்பிக்கை இல்லாத வைஜநாத், குதிரை தன்னைத் தாண்டியபோது தொப்பியைக் கழற்றியிருந்தான். எப்போது கழற்றினான் என்று அவனுக்கே தெரியவில்லை. குளம்பு மிதித்த மண்ணை அள்ளக் கூட்டம் பாய்ந்ததில் இவனும் பாய்ந்தான். கையில் ஒரு பிடி மண்ணும், யாருடையதோ ஒரு செருப்பும் கிடைத்தன.

மத்தியானம் வேளாபூர் மேட்டுக்கு வந்தார்கள். அந்த மேட்டிலிருந்து முதல் முதலாகப் பண்டரிபுரத்துக் கோபுரத்தைக் கண்ட பக்தகவி துகாராமர் அங்கிருந்தே ஓட ஆரம்பித்தாராம். அதனால் அந்தச் சரிவில் யாரும் நடப்பதில்லை. ஒவ்வொரு கோஷ்டியாகப் பின்வாங்கி நின்று, 'விட்டல' என்று சாமி பேரைச் சொல்லி ஒரு குரல் கிளம்பியதும் மடை திறந்த மாதிரி ஓடும். வைஜநாத்துக்கு வயது ஐம்பத்திரண்டு, இரண்டு முட்டியும் அரசாங்க சேவையில் தேய்ந்தவை. 'ஓரமா இறங்கி வந்துடுறேன்' என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பின்னாலிருந்து இருநூறு பேர் கிளம்பிவிட்டார்கள்.

ஓடினான். காற்று சட்டைக்குள் புகுந்து பானை வயிறு செய்தது. பக்கத்தில் சோனாபாய் தலையில் மாடத்தோடு, ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவனைத் தாண்டி ஓடினாள். கிசன்ராவ் வீணையோடு ஓடினார், வாயெல்லாம் பல்லாக. அந்த மனிதருக்குப் பல் இருப்பதையே வைஜநாத் அன்றுதான் பார்த்தான். கீழே போய் நின்றபோது மூச்சு வாங்கியது, சிரிப்பு வந்தது, எதற்கென்று தெரியாமல் கண்ணிலிருந்தும் வந்தது. முன்பின் தெரியாத ஒருவர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, பேர்கூடக் கேட்காமல் போனார்.

அந்த மயக்கத்தில் கிசன்ராவுக்கும் மனசு இளகியிருக்க வேண்டும். ஓட்டத்தில் தோள் பிசகிய ஒருவரின் தாளத்தை எடுத்து வைஜநாத்திடம் நீட்டினார். "சும்மா பேருக்குத் தட்டுங்க. தடி உயர்ந்ததும் நிறுத்திடணும்."

சாயங்காலம் பல்லக்கு நடுவில். சுற்றிலும் கடல் மாதிரித் தலைகள். தாளத்தைப் பிடித்தான் வைஜநாத். முதல் பாட்டில் டபுள் விசில். இரண்டாவதில் பரவாயில்லை. மூன்றாவதில், யார் செய்த புண்ணியமோ, கை தானாகவே சரியான இடத்தில் விழ ஆரம்பித்தது. கண்ணை மூடினான். கணுக்காலில் கட்டுடன் உட்கார்ந்திருக்கும் கேசர் தெரிந்தாள். தாளம் இன்னும் சுத்தமாக விழுந்தது. 'அட, என் தாளம் மட்டும் எவ்வளவு தெளிவாக் கேக்குது' என்று உள்ளுக்குள் ஒரு பூரிப்பு.

தெளிவாகக் கேட்காமல் என்ன செய்யும்? தடி உயர்ந்து, அத்தனை தாளங்களும் நின்று, வேளாபூரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த அமைதியின் நடுவில் வைஜநாத் மட்டும் ஜிங் ஜிங் என்று தட்டிக்கொண்டிருந்தான்.

சோனாபாய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கண்ணைத் திறந்தபோது கூட்டம் இரண்டாகப் பிளந்து, வெள்ளித் தடியோடு கட்டியக்காரர் நேராக அவனை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

கிசன்ராவ் உதடு அசையாமல் பேசினார். "குறைன்னு சொன்னா கோஷ்டி மானம் போச்சு. தெரியாமத் தட்டிட்டேன்னு சொன்னா அதைவிட மோசம், லட்சம் பேரு சிரிப்பான். எதைச் சொன்னாலும் காலைல பஸ்."

கட்டியக்காரர் வந்து நின்றார். "மாவுலி, என்ன குறை?"

இன்னும் மூன்று நாள் நடை. மன்னிப்புக் கேட்டு, காலில் விழுந்து, ஒரு தமாஷ் சொன்னால் தப்பித்தாலும் தப்பிக்கலாம். தமாஷ்தான் அவனுக்குக் கைவந்த கலையாயிற்றே. வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"மாவுலி, எங்க கோஷ்டியில அறுபது பெண்கள். தண்ணி லாரி எங்ககிட்ட வர்றதுக்குள்ள விடிஞ்சுடுது. அதனால தினம் மூணு மணிக்கு இருட்டுல வாய்க்கால் தேடிப் போறாங்க. பதினாலு வருஷம் போன ஒருத்தி வீட்டுல வாயே திறக்கல. சொன்னா புருஷன் அனுப்ப மாட்டான்னு. அந்தப் புருஷன் நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை. கட்டியக்காரர் கிசன்ராவைப் பார்த்தார். "நீங்கதானே தலைவர் மாவுலி? இது உண்மையா?"

கிசன்ராவ் வீணையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். நூற்றுப் பதினோரு வருஷ மரியாதை ஒரு பக்கம். ஆனால் தோளில் வீணை இருக்கிறபோது பொய் சொல்வது எப்படி?

"உண்மைதான் மாவுலி" என்றார். "நான்தான் தட்ட விடல."

லாரிப் பொறுப்பாளரை அங்கேயே கூப்பிட்டார்கள். இன்று ராத்திரியிலிருந்தே ஒரு லாரி இந்த கோஷ்டியின் பெண்கள் கூடாரத்தருகே வந்து நிற்கும், சுற்றிப் படுதா கட்டப்படும். இரண்டே நிமிஷம். சீருடைத் துணிக்காக மூன்று வருஷம் மனுப் போட்டுக்கொண்டிருக்கும் வைஜநாத்துக்குத் தலை சுற்றியது.

கட்டியக்காரர் திரும்பிப் போய் மறுபடி தடியை உயர்த்தினார்.

அப்போது இடது பக்கத்தில், வேறொரு கோஷ்டியின் பெண்கள் வரிசையிலிருந்து ஒரு தாளம் ஜிங் என்றது. வலது பக்கத்தில் இன்னொன்று. தள்ளி இன்னும் இரண்டு, அப்புறம் மூன்று. ஏழு கோஷ்டிகள். ஏழுக்கும் ஒரே குறை. கட்டியக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நடந்தார். அன்று ஆரத்தி முக்கால் மணி நேரம் தாமதம். யாரும் முணுமுணுக்கவில்லை, கொசுவைத் தவிர.

காலையில் வைஜநாத் பையைக் கட்டி வைத்துக்கொண்டு கூடாரத்தின் வாசலில் நின்றான். படுதாவுக்குப் பின்னால் அறுபது பெண்களும் தண்ணீர்ச் சத்தத்தோடு பாடுவது கேட்டது. கிசன்ராவ் வந்தார்.

"வாக்குன்னா வாக்குதான் மாப்பிள்ளை. அவப்பேர் வந்தா பஸ்னு சொன்னேன்."

"பை ரெடி மச்சான்."

"ஆனா விடிஞ்சதுலேருந்து ஏழு கோஷ்டிக்காரங்க வந்து என் காலைத் தொட்டுட்டுப் போறாங்க. இதுக்குப் பேரு அவப்பேரா, நல்ல பேரான்னு எனக்கே பிடிபடல. பிடிபடுற வரைக்கும் நடங்க." சொல்லிவிட்டுச் சட்டென்று குனிந்து வைஜநாத்தின் காலைத் தொட்டார். பதறிப்போய் இவனும் குனிய, வீணையின் தண்டு இவன் மண்டையில் பலமாக இடித்தது. 

போன் அடித்தது. கேசர். விஷயம் சோனாபாய் மூலம் ராத்திரியே போய்ச் சேர்ந்திருந்தது.

"குறை சொல்லணும்னு தட்டுனீங்களா, இல்ல கண்ணை மூடிக்கிட்டா?"

"கண்ணை மூடிக்கிட்டு."

"நெனச்சேன்." சிரித்தாள். நெடுநேரம் சிரித்தாள். பிறகு, "சரி, கால் ஆறிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அடுத்த வருஷம் நானே போயிக்கிறேன்" என்றாள்.

"போ. நானும் வரேன்."

"ரெண்டு பேரும் வந்துட்டா எருமைக்கு யாரு தண்ணி காட்டுறது?"

"உங்க அண்ணன் வீட்டுல கட்டிடலாம்."

"அண்ணனும் நடைக்குத்தானே வரும்."

"அப்ப ஒரு வருஷம் நீ, ஒரு வருஷம் நான்."

"பதினாலு வருஷம் நடந்தவ நான். நேத்து வந்த ஆளுக்குப் பாதியா?"

"பதினஞ்சாவது யாரோடதுன்னு உங்க அண்ணன்கிட்ட கேளு" என்று அவன் சூடாக ஆரம்பிக்கும்போது புறப்பாட்டுக் கொம்பு ஊதியது. வரிசை நகர ஆரம்பித்துவிட்டது. "இரு, மிச்சச் சண்டையைச் சாயங்காலம் போட்டுக்கலாம்" என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தன்னை விட்டுவிட்டுப் போகிற கோஷ்டியைப் பிடிக்க வைஜநாத் ஓடினான்.