பாங் வாத்தியாரின் மூன்று சாவுகள்

வருடத்தின் முதல் மாதத்தில் முடி வெட்டினால் தாய்மாமன் செத்துப்போவான் என்பது மனிதகுலம் இதுவரை சொன்ன பொய்களிலேயே பெரியது என்று பாங் வாத்தியார் ஷிச்சியாவ் சந்தையில் வைத்து அறிவித்தார். மறுநாள் காலை, கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடியே, முதல் முறையாகச் செத்தார்.

தகராறு முடியைப் பற்றியதல்ல, செடியைப் பற்றியது. அந்த ஊரில் வீட்டுக்கு வீடு குளிர்தாங்கிச் செடி உண்டு. இலையெல்லாம் கொட்டிய வெறுங்கொம்பில், புத்தாண்டை ஒட்டி வெள்ளை வெள்ளையாகப் பூத்து எலுமிச்சை மணம் வீசவேண்டிய செடி. ஆனால் அந்த மணத்தை ஊரில் ஒரு மூக்கும் அறியாது. புத்தாண்டுக்கு முன் வீட்டைக் கூட்டி, தலைமுடியை வெட்டி, அதே கையோடு செடியையும் வெட்டிவிடுவார்கள். முதல் மாதம் பிறந்துவிட்டால் கத்தரிக்கோலைத் தொடக்கூடாதே.

"மொட்டு இருக்கிற கொம்பையெல்லாம் அடுப்புல வெச்சுட்டு, பூ எங்கேன்னா செடி என்னய்யா பண்ணும்?" என்பார், நாற்பது வருடம் தாவரவியல் நடத்திய வாத்தியார். தன்னோடு இருந்த தங்கை மகள் லிங்யுனிடம், பூத்து முடிந்த பிறகுதான் வெட்டவேண்டும் என்று சொல்லிவைத்தார். அந்த வருடம் செடி பூத்தது. பாதி ஊர் மதிலோரம் நின்று மோந்தது. முதல் மாதம் இருபதாம் தேதி பூ உதிர்ந்தது.

"ரெண்டாம் மாசம் ரெண்டாம் தேதி வரைக்கும் பொறுப்போமே மாமா. ஊரே அன்னைக்குத்தானே முடி வெட்டுது."

"ஏம்மா, இது என்ன உன் தலையில முளைச்சதா? வெட்டு!"

வெட்டினாள். வாத்தியார் செத்தார். மருத்துவர் வந்து நாடி பார்த்து, உயிர் இல்லை என்று எழுதியும் கொடுத்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து எழுந்த வாத்தியார், கஞ்சி ஆறிவிட்டதென்று கோபித்துக்கொண்டார். "செத்தேனா? அசந்துட்டேன், அவ்வளவுதான்."

அடுத்த வருடம் அரை நாள் அசந்தார். மூன்றாம் வருடம் மூன்று நாள். குழி தோண்டி, பறையடிப்பவர்களும் வந்தாகிவிட்டது. எழுந்து உட்கார்ந்து, "ஒரு மனுஷன் கண்ணசர விடமாட்டீங்களா?" என்று அவர்களை விரட்டினார்.

நாலாம் வருடம் லிங்யுன் கத்தரிக்கோலைக் கிணற்றில் போட்டாள். "செடி காடா வளந்தா வளந்துட்டுப் போகுது மாமா. நீங்க இருந்தாப் போதும்."

"வாத்தியார் வீட்டுல இப்படியொரு மக்கு! நானே வெட்டுறேன் பாரு" என்று புதுக் கத்தரிக்கோலோடு தோட்டத்துக்குப் போனார். கொம்பைப் பிடித்தார். பக்கத்து ஊரில் தொண்ணூற்று மூன்று வயதில் வாத்து மேய்த்துக்கொண்டிருக்கும் தன் தாய்மாமன் அப்போதுதான் நினைவுக்கு வந்தார். "ஒரே துரு" என்று முணுமுணுத்தபடி, பளபளத்த கத்தரிக்கோலைச் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டு திரும்பிவிட்டார்.

ரெண்டாம் மாதம் ரெண்டாம் தேதி முடிதிருத்தும் ஹூவின் கடை வாசலில் நீண்ட வரிசை. அதன் கடைசியில் வாத்தியாரும் நின்றார். முறை வந்ததும் நாற்காலியில் உட்காராமல், ஹூவைக் கையோடு வீட்டுக்கு அழைத்துவந்தார். ஹூ வெள்ளைத் துணியை உதறி, செடியின் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"எப்படி வெட்டணும் வாத்தியாரே?"

வாத்தியார் தெருப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஓரத்துல கொஞ்சம் குறைச்சு விடுப்பா."