வள்ளியின் நிலம் ஓடிக்கொண்டிருக்கிறது

2007 பிப்ரவரியில் வரதய்யபாளையத்துக்குக் கிழக்கே தமிழரசு எடுத்த நாற்பது நிமிட வீடியோப் பதிவுக்குள், அந்த ஏப்ரலில் வேர்க்கடலை பிடுங்கினார்கள். எடுத்தபோது செடி பூவில் இருந்தது. தொழிற்பேட்டைக்கு நிலத்தை எழுதிக்கொடுத்துவிட்ட வள்ளி கடைசியாகக் களை எடுப்பதைத்தான் அவன் படம் பிடித்திருந்தான். கேமராவைப் பார்க்காதீர்கள், நான் சொல்லும்வரை உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்று எல்லாரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னான். காளஹஸ்தி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், போதும் என்று சொல்லாமலே கிளம்பிவிட்டான்.

திருப்பதி வாடகை அறையில் எடிட்டிங்குக்கு உட்கார்ந்தபோது திரையில் நிலம் அறுவடையாகிக் கிடந்தது. டேப் மாறிவிட்டதென்று கடைக்காரரோடு சண்டை போட்டான். ஆடியில் உழுதார்கள். ஹார்ட் டிஸ்க் நிரம்பியது. புதிது வாங்கினான், அதற்குள் வைக்கோல்போர் போட்டார்கள். நிலம் இழந்தவர்களைப் பற்றிய ஆவணப்படம் என்று சென்னை விழாக் குழுவுக்கு ஆண்டுதோறும் அனுப்பினான். இழப்பு எங்கே என்று ஆண்டுதோறும் கேட்டார்கள். பதிவுக்குள்ளும் சர்வேயர்கள் வந்து கல் நட்டார்கள்தான். அங்கிருந்த வள்ளி அவர்களைத் தெலுங்கில் நலம் விசாரித்து, மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, கல்லைப் பிடுங்கித் துணி துவைக்கப் போட்டுக்கொண்டாள். அருமையான காட்சி, ஆனால் நடக்காதது. இதை ஆவணப்படத்தில் எப்படி வைப்பது என்று தலையில் அடித்துக்கொண்டான். வயிற்றுப்பாட்டுக்கு, தரிசன டோக்கன் எங்கே கொடுக்கிறார்கள் என்று ஒரு நிமிட வீடியோக்கள் போட்டான். அவற்றை லட்சக்கணக்கான பேர் பார்த்தது அவன் எரிச்சலைக் கூட்டியது.

2016இல் விழாக் குழு இறங்கி வந்தது. களையெடுப்போடு நிறுத்தினால் திரையிடலாம் என்றார்கள். நகலெடுத்து வெட்டினால் நகலிலும் செடி முளைத்தது. மூலத்தை அழித்தால்தான் நிற்கும். அதற்கு ஒரு வார்த்தை கேட்டுவிடலாமென்று வள்ளியைத் தேடிப் போனான். அவள் நிலம் இருந்த இடத்தில் ஒரு தொழிற்சாலை கேன்டீன் நின்றது. அதில்தான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஷிப்ட் முடிந்து வந்து, கேட்டோரம் நின்று அவன் போனில் பார்த்தாள்.

"ஏன் தம்பி, யாரு இந்தப் பொம்பள? களைய நுனியில கிள்ளிக்கினு கீறா. வேரோட புடுங்கச் சொல்லு."

"அது நீங்கதான் அக்கா."

"போய்யா. நான் இவ்ளோ சோம்பேறி இல்ல." பிறகு போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். "நம்ம செவல மாடு. வித்துட்டனே இத."

அவன் விஷயத்தைச் சொன்னான். ஒன்பது வருடமாக ஒரு படத்தை முடிக்க முடியாமல் நிற்கிறேன், ஒரு தடவையாவது திரையில் வரட்டும் என்றான்.

"அழிச்சா இவங்கல்லாம் எங்க போவாங்க?"

அவன் போனுக்குக் கை நீட்டினான்.

"ஆபீசருங்க எடுத்துக்கினப்ப பணமாவது குடுத்தாங்க. நீ இன்னாத்த குடுப்ப?" என்றாள் வள்ளி. போனைத் திருப்பித் தரவில்லை. தொழிற்சாலை பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு அவளில்லாமல் போனது. மாடு தண்ணீர் குடித்து முடிக்கும்வரை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

படம் விழாவுக்குப் போகவில்லை. தமிழரசு பதிவைத் தன் சேனலில் நேரலையாக விட்டான். சென்னையிலும் பெங்களூரிலும் குவைத்திலும் வேலைக்குப் போயிருந்த ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். அங்கே மழையா என்று கேட்டார்கள். அவன் பார்த்துச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைகளில் வள்ளி போன் செய்து, பதிவில் இருப்பவளின் வேலையைக் குறை சொன்னாள். சென்ற ஆண்டு அவன் சேனலை ஆவணப்படப் பிரிவிலிருந்து விவசாயப் பிரிவுக்கு மாற்றினான். இப்போது அங்கே எள் போட்டிருக்கிறார்கள்.